ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவருக்குக் குரோஷா

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்களுக்கு ஒரு தீராத குறை உண்டு. பின்னியதைப் போட்டுக்கொள்ள இங்கே குளிர் கிடையாது. மார்கழி விடியலில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கப் போகிறவருக்கு ஒரு குல்லா, பிறந்த குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும், ஊட்டிக்குக் கிளம்பும் உறவினருக்கு ஒரு ஸ்வெட்டர். அத்தோடு ஊசிகள் பரணுக்குப் போய்விடும்.

ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா அப்படியில்லை. பருத்தி நூலில் அது அழகாக வரும். அடுப்படிப் பிடிதுணி, டம்ளர் விரிப்பு, வாசல் தோரணம், ரவிக்கைக் கையின் ஓரம், காய்கறிப் பை என்று வெயில் ஊரில் வருஷம் முழுக்கப் புழங்கும் சாமான்களை அதில் செய்யலாம். இந்த அத்தியாயமும் பருத்தியை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

குரோஷாவுக்கென்று வரும் பாடங்கள் பெரும்பாலும் ஊசியே பிடிக்காதவருக்கானவை. உங்களுக்குத் தெரிந்ததையே அவை விளக்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஊசிப் பழக்கம் உங்களைத் தடுக்கிவிடும் இடங்கள் வேறு. இறுக்கம், எண்ணிக்கை, நூலைப் பிடிக்கும் கை ஆகிய மூன்றில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அந்த மூன்றில் மட்டும் நிதானமாகப் போங்கள். மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம்.

கையில் ஏற்கெனவே இருப்பது

நழுவிய கண்ணியைத் தூக்க ஒரு கொக்கி ஊசியை நீங்கள் பயன்படுத்தியிருப்பீர்கள். கீழே விழுந்த வளையத்துக்குள் கொக்கியை விட்டு, மேலிருக்கும் இழையை மாட்டி இழுத்தீர்களே, அதுதான் குரோஷாவின் அடிப்படை அசைவு. தொடக்க முடிச்சும் நீங்கள் போடுகிற அதே சுருக்கு முடிச்சுதான். நூலின் பருமனை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். வரிசை, சுற்று, மாதிரித் துண்டு, ஓரம் எடுப்பது எதுவும் புதிதல்ல.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்வெட்டரில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு இருக்கும். குரோஷாவில் எந்த நேரமும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம். மற்ற கண்ணிகள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே பூட்டப்பட்டுவிட்டன. அதனால் நடுவில் ஒரு கண்ணி நழுவி ஏணிபோல் ஓடுகிற பயம் இல்லை. தப்பு செய்தால் நூலை இழுங்கள். எங்கே நிறுத்துகிறீர்களோ அங்கே நிற்கும். அந்த ஒற்றை வளையத்தில் கொக்கியை விட்டுத் திரும்பத் தொடங்கலாம். இருநூறு கண்ணியைத் திரும்ப ஊசியில் ஏற்றிய அனுபவம் உள்ளவருக்கு இதன் அருமை புரியும்.

கடைக்குப் போவதற்கு முன்

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ சிதம்பரம் கோயிலைச் சுற்றிய வீதிகளிலோ தையல் சாமான் கடை, ஃபேன்சி ஸ்டோர் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் புதுச்சேரி இருக்கிறது. வாங்க வேண்டியது குறைவு:

1. 4 மி.மீ. அலுமினியக் கொக்கி ஊசி ஒன்று, 4.5 மி.மீ. ஒன்று. நீலகிரியில் கேத்தி ஊசித் தொழிற்சாலையின் போனி ஊசிகள் உங்களிடமே இருக்கலாம். அதே பெயரில் கொக்கி ஊசியும் வருகிறது.
2. வழவழப்பான, வெளிர் நிறப் பருத்தி நூல் 200 கிராம். பருமன் உங்கள் 8 நம்பர் ஊசிக்கு ஒத்த அளவு.
3. நூல் முனைகளைச் செருக முனை மழுங்கிய, காது பெரிய ஊசி.
4. சின்னக் கத்தரிக்கோல், சேஃப்டி பின் நாலைந்து.

ஊசி நம்பரைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஸ்வெட்டர் ஊசியில் பழைய கணக்குப்படி 8 நம்பர் என்றால் 4 மி.மீ., 10 நம்பர் என்றால் 3.25 மி.மீ. கொக்கி ஊசியில், அதுவும் எஃகு ஊசியில், நம்பர் வரிசையே வேறு. மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். எந்த நூலுக்கு எந்த ஸ்வெட்டர் ஊசி போடுவீர்களோ அதே அளவிலோ, அரை மி.மீ. வரை கூடுதலாகவோ உள்ள கொக்கியில் தொடங்கலாம்.

வீட்டில் மிஞ்சிய குழந்தை ஸ்வெட்டர் உல்லனில் பயிற்சி செய்யலாமா? செய்யலாம். ஆனால் சித்திரை மாதத்தில் வேர்த்த கையில் அக்ரிலிக் நூல் கொக்கியோடு ஒட்டிக்கொண்டு வராது. ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் கறுப்பு நூலும் வேண்டவே வேண்டாம், கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் உறவு இருந்தால் தறியில் மிஞ்சிய நூல் இலவசமாகவே கிடைக்கலாம். அது மிக மெல்லியது. ஆறேழு இழை சேர்த்துப் பிடித்தாலும் கொக்கி இழைகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும். கை படிந்த பிறகு எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, ஆசை பற்றியது. ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மாதிரி மெல்லிய வெள்ளை நூல் வேலையைப் பார்த்துவிட்டு நேராக 1 மி.மீ. எஃகு ஊசியோடு உட்கார்கிறவர்கள் பாதியில் வெறுத்துப்போகிறார்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு நுணுக்க வேலையில் நம்பிக்கை அதிகம் என்பதால் இந்த ஆசையும் அதிகம். லேஸ் எங்கும் போய்விடாது.

நூல் வாங்கும்போது தாராளமாக வாங்குங்கள். அதே பரப்புக்குக் குரோஷா, ஸ்வெட்டர் பின்னலைவிட மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக நூல் தின்னும்.

நூல் இடது கைக்கு மாறுகிறது

நம்மில் பெரும்பாலோர் ஸ்வெட்டர் நூலை வலது கையில் பிடித்து ஊசிமேல் போட்டுப் பின்னக் கற்றவர்கள். குரோஷாவில் வலது கைக்குக் கொக்கி மட்டும்தான். நூலைத் தருவது இடது கையின் வேலை. முதல் இரண்டு மூன்று நாள் கை கட்டிப்போட்டதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம். வலது கையால் நூலை எடுத்துக் கொக்கியில் சுற்றியும் பின்னலாம், வரத்தான் செய்யும். ஆனால் வேகம் ஒருநாளும் வராது. தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள்.

1. சுருக்கு முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள்.
2. நூல் பந்திலிருந்து வரும் இழையை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில் விட்டு, ஆள்காட்டி விரலின் மேலே கொண்டு வாருங்கள்.
3. முடிச்சின் வாலை இடது கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடியுங்கள்.
4. ஆள்காட்டி விரலைச் சற்றுத் தூக்குங்கள். கொக்கிக்கும் அந்த விரலுக்கும் நடுவே இழை தளராமல் நிற்க வேண்டும்.
5. கொக்கியைப் பேனாபோலவோ, காய் நறுக்கும் கத்திபோலவோ பிடிக்கலாம். மணிக்கட்டு வலிக்காத பிடி எதுவோ அதுவே உங்களுடையது.

பூ கட்டுகிறவர்களைக் கவனியுங்கள். கட்டி முடித்த முடிச்சை இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பற்றிக்கொண்டு, சரம் வளர வளர நகர்ந்துகொண்டே வரும். இங்கேயும் அதேதான். கொக்கிக்குக் கீழே, கடைசியாகப் போட்ட கண்ணிக்குப் பக்கத்தில் எப்போதும் பிடி இருக்க வேண்டும். பிடி இரண்டு அங்குலம் கீழே தங்கிவிட்டால் துணி சுழலும், கொக்கி உள்ளே போக மறுக்கும்.

குறிப்பு: இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசை இடமிருந்து வலமாகப் போகும். வேறெதுவும் மாறாது.

செயின்

1. இழை கொக்கியின் பின்புறமிருந்து மேலேறி முன்பக்கம் வரட்டும்.
2. கொக்கியின் வாய் உங்களைப் பார்க்குமாறு சற்றுத் திருப்பி, அந்த இழையை மாட்டுங்கள்.
3. வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, ஊசியில் இருக்கும் வளையத்தின் வழியே இழுங்கள். ஒரு செயின் ஆயிற்று.

கையை அசைக்காமல் கொக்கியை அசைக்கப் பழகுங்கள். இழை சும்மா நிற்க, கொக்கி போய் அதைப் பிடித்து வர வேண்டும்.

இப்போது இறுக்கம். கொக்கி ஊசியைக் கவனியுங்கள். தலை, அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அதற்கும் கீழே ஒரே பருமனான தண்டு. 4 மி.மீ. என்பது தண்டின் அளவு. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் நூலைச் சுண்டி இறுக்கும் பழக்கத்தில், வளையத்தைக் கழுத்தில் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் கையில் இருப்பது 4 மி.மீ. ஊசியல்ல, 3 மி.மீ. ஊசி. அடுத்த வரிசையில் கொக்கியை உள்ளே நுழைக்க நெம்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் தண்டு வரை ஏற்றிவிட்டுப் பிறகு அடுத்ததைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் படிந்தால் போதும், பாதிக் குறைகள் தாமாகவே மறைந்துவிடும்.

அப்படியும் அடிச்செயின் இறுகினால், செயினை மட்டும் 4.5 மி.மீ. கொக்கியில் போட்டுவிட்டு, முதல் வரிசைக்கு 4 மி.மீ.க்கு மாறுங்கள். அடி இறுகிய துண்டு மேலே போகப் போக விசிறியாக விரியும். அதை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது.

எண்ணும்போது

ஊசியில் கண்ணி ஏற்றும்போது முதல் சுருக்கு முடிச்சையும் ஒரு கண்ணியாக எண்ணுவீர்கள். குரோஷாவில் அதை எண்ணக் கூடாது. கொக்கியில் தொங்கும் வளையமும் கணக்கில் சேராது. செயினைத் தட்டையாகப் போட்டுப் பாருங்கள். சடைபோல் வரிசையாக வி வடிவங்கள் தெரியும். அந்த வி-க்களை மட்டும் எண்ணுங்கள்.

சிங்கிள்: மாதிரித் துண்டு

1. 21 செயின் போடுங்கள்.
2. கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் கொக்கியை விடுங்கள்.
3. இழையை மாட்டி வெளியே இழுங்கள். கொக்கியில் இரண்டு வளையம் இருக்கும்.
4. மறுபடி இழையை மாட்டி, இரண்டின் வழியேயும் ஒரே இழுப்பில் இழுங்கள். ஒரு சிங்கிள் முடிந்தது.
5. ஒவ்வொரு செயினிலும் ஒன்று. முடிவில் 20 சிங்கிள் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.
6. 1 செயின் போட்டுத் துண்டைத் திருப்புங்கள்.
7. முதல் கண்ணியிலேயே, மேலே தெரியும் வி-யின் இரண்டு இழைகளுக்கும் அடியில் கொக்கியை விட்டு, அடுத்த வரிசையைத் தொடங்குங்கள்.

ஊசியில் கண்ணி தானாக வந்து நிற்கும், நீங்கள் தேட வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு கண்ணிக்கும் எங்கே குத்துவது என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். பழகும்வரை வி-யின் ஒரு இழையை மட்டும் பிடித்துவிடுவது சகஜம். அப்போது துணியில் ஒரு கோடு எழும்பி நிற்கும். சில வடிவமைப்புகளில் அதை வேண்டுமென்றே செய்வார்கள். உங்கள் துண்டில் அது நடுநடுவே மட்டும் வந்தால் தவறு.

பத்து வரிசை வந்ததும் துண்டைக் கீழே வைத்துப் பாருங்கள்.

*இரு ஓரமும் உள்ளே சாய்ந்து முக்கோணமாகிறதா?* வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். அது சற்று மறைந்து, சப்பையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் சிங்கிளிலும் கடைசிச் சிங்கிளிலும் சேஃப்டி பின் மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது பின் இருக்கும் கண்ணியில் குத்தினால் போதும்.

*விரிந்துகொண்டே போகிறதா?* திருப்பிய பிறகு போட்ட 1 செயினையும் ஒரு கண்ணியாக நினைத்து அதிலும் குத்துகிறீர்கள். சிங்கிளில் அந்தச் செயின் உயரத்துக்கு மட்டும்தான்.

*அட்டைபோல் விறைக்கிறதா?* கொக்கியைப் பெரிதாக்குங்கள். ஆனால் ஸ்வெட்டர் அளவுக்கு நெகிழ்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். குரோஷாத் துணி இழுத்தால் விரிந்து சுருங்கும் துணியல்ல.

*கண்ணிகள் எக்ஸ் வடிவில், இறுக்கமாக விழுகின்றனவா?* இழையைப் பின்னாலிருந்து மேலே ஏற்றாமல், கொக்கியை இழையின் மேலே வைத்து இழுக்கிறீர்கள்.

பெயர்க் குழப்பம்

டபுள் என்ற சொல்லைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். அமெரிக்க முறையில் ஒன்றையும் பிரிட்டிஷ் முறையில் வேறொன்றையும் அது குறிக்கிறது. அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் ட்ரெபிள். யூடியூப் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க முறை. வீட்டில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் புத்தகங்கள் மற்றது. கண்டுபிடிக்க எளிய வழி: குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே இல்லை. இந்தப் புத்தகம் முழுக்க அமெரிக்கப் பெயர்களே.

- சிங்கிள்: முதலில் இழை சுற்ற வேண்டாம். திரும்ப 1 செயின்.
- ஹாஃப் டபுள்: குத்துவதற்கு முன் ஒரு சுற்று. இழையை இழுத்த பின் மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில். திரும்ப 2 செயின்.
- டபுள்: முன்னால் ஒரு சுற்று. பிறகு இரண்டிரண்டு வளையமாக இரண்டு இழுப்பு. திரும்ப 3 செயின்.
- ட்ரெபிள்: முன்னால் இரண்டு சுற்று. இரண்டிரண்டாக மூன்று இழுப்பு. திரும்ப 4 செயின்.

டபுளில் கணக்கு மாறுகிறது. திரும்பப் போட்ட 3 செயினே முதல் டபுளாக நிற்கும். அதனால் முதல் கண்ணியைத் தாண்டி இரண்டாவதில் குத்த வேண்டும். வரிசை முடிவில் போன வரிசையின் 3 செயினுடைய உச்சியிலும் ஒரு டபுள் போட வேண்டும். சிங்கிளில் கற்ற பழக்கம் இங்கே காலை வாரும். அதற்காகவே சிங்கிளை முதலில் நன்றாகப் படிய வைத்துவிட்டு டபுளுக்கு வரச் சொல்கிறேன்.

முதல் சாமான்: அடுப்படிப் பிடிதுணி

மாதிரித் துண்டுகளைப் பின்னிப் பின்னிப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோணலாக வந்தாலும் குக்கரைத் தூக்க உதவுகிற துண்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

1. 31 செயின், அதில் 30 சிங்கிள். 4 மி.மீ. கொக்கியில் 18 முதல் 20 செ.மீ. அகலம் வரும்.
2. சதுரமாகும் வரை சிங்கிள் வரிசைகள். சதுரமா என்று பார்க்க மூலைக்கு மூலை மடியுங்கள். விளிம்புகள் சேர்ந்தால் போதும்.
3. இதேபோல் இன்னொன்று.
4. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு துண்டும் சேர்ந்து மாட்டுமாறு நான்கு பக்கமும் சிங்கிள் போடுங்கள். மூலைக் கண்ணியில் மூன்று சிங்கிள். இல்லாவிட்டால் மூலை மடங்கிக்கொள்ளும்.
5. கடைசி மூலையில் 12 செயின் போட்டு, அதே இடத்தில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடுங்கள். ஆணியில் மாட்டும் காது தயார். ஸ்லிப் ஸ்டிச் என்பது குத்தி இழையை இழுத்து, அதே இழுப்பில் கொக்கி வளையத்தின் வழியேயும் கொண்டுவருவது.
6. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசி வளையத்தின் வழியே முழுதாக இழுத்துவிடுங்கள். வாலை ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள் ஒரு பக்கமும் பிறகு எதிர்ப்பக்கமும் செருகுங்கள். பருத்தி வழுக்கும், ஒரு பக்கம் மட்டும் செருகினால் இரண்டு சலவையில் வெளியே வந்துவிடும்.

பாதுகாப்பு: பிடிதுணிக்கு நூறு சதவீதப் பருத்தி மட்டும். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பாதி கலந்ததும் வேண்டாம். சந்தேகமான நூலில் ஒரு துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகி மணியாகக் கெட்டிப்படும். நனைந்த பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஈரம் சூட்டை நேராகக் கைக்குக் கடத்திவிடும்.

வட்டம்: டம்ளர் விரிப்பு

நாலு ஊசியில் குல்லா சுற்றியவருக்கு வட்டம் ஒன்றும் பெரிதல்ல. டபுளில் மூன்றே சுற்று.

1. 4 செயின் போட்டு, முதல் செயினில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு வளையமாக்குங்கள்.
2. முதல் சுற்று: 3 செயின், வளையத்துக்குள் 11 டபுள். மொத்தம் 12. மூன்றாவது செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடுங்கள்.
3. இரண்டாம் சுற்று: 3 செயின், அதே இடத்தில் ஒரு டபுள். பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. மொத்தம் 24.
4. மூன்றாம் சுற்று: 3 செயின், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று, பிறகு இரண்டு என்று மாறி மாறி. மொத்தம் 36.

ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூடுகிறது. நாலாவது சுற்று வேண்டுமானால் 48. விளிம்பு கிண்ணம்போல் மேலெழுந்தால் கண்ணி போதவில்லை. அலை அலையாக நெளிந்தால் அதிகம். முதலில் எண்ணுங்கள், கணக்குச் சரியாக இருந்தும் எழும்பினால் உங்கள் டபுள் உயரம் குறைவு. முதல் வளையத்தை இன்னும் சற்று உயரமாக இழுங்கள்.

சிறு துண்டுகளை இணைத்துப் பெரிதாக்குவது குரோஷாவின் பெரிய வசதி. மடியில் பாரம் ஏறாது, வெயில் காலத்தில் தொடைமேல் போர்வை கிடக்காது. 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் செய்து கின்னஸ் சாதனை படைத்ததும் பலர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்துத்தான்.

பழைய ஸ்வெட்டருக்குக் குரோஷா ஓரம்

இரண்டும் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற வேலை இது. நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று போன துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரே ஒரு வரிசை சிங்கிள் போட்டால் பெருமளவு அடங்கும்.

- கண்ணி அடைத்த மேல் விளிம்பில்: ஒரு கண்ணிக்கு ஒரு சிங்கிள்.
- பக்க விளிம்பில்: நான்கு வரிசைக்கு மூன்று சிங்கிள். வரிசைக்கு ஒன்று என்று போட்டால் ஓரம் நெளியும்.
- மூலையில் மூன்று.
- கழுத்து வளைவில் போட்டுவிட்டுத் தலை நுழைகிறதா என்று பார்த்த பிறகே நூலை வெட்டுங்கள். குரோஷா ஓரம் ரிப் பின்னல்போல் இழுபடாது.

கைக்குட்டைக்கோ ரவிக்கைக் கைக்கோ ஓரம் போட நினைத்தால், துணியில் நேராகக் கொக்கியால் குத்தாதீர்கள். நெசவு கிழியும். தையல் ஊசியால் சம இடைவெளியில் காஜாத் தையல்போல் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு, அந்த இழைகளுக்குள் சிங்கிள் போடுங்கள். அடுத்த வரிசையில் ஷெல்: ஒரு சிங்கிள், இரண்டு கண்ணி விட்டு ஒரே கண்ணியில் ஐந்து டபுள், மறுபடி இரண்டு விட்டு ஒரு சிங்கிள். ஆறின் மடங்கோடு ஒன்று கூட்டிய கண்ணிகள் வேண்டும்.

கடையில் குரோஷா ரவிக்கை என்று விற்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். திருப்பூர் பனியன் எந்திரப் பின்னல், நிட் துணி. குரோஷாவை அப்படியே பின்னும் எந்திரம் புழக்கத்தில் இல்லை. கடையில் மலிவாகத் தொங்குவது அதன் சாயலில் எந்திரத்தில் செய்த லேஸ்.

கடற்கரை ஊருக்கான பராமரிப்பும் எச்சரிக்கையும்

உப்புக் காற்றில் எஃகுக் கொக்கி துருப்பிடிக்கும், துரு வெள்ளை நூலில் கறையாக இறங்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். எடுக்கும்போது நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்தி நூல் பூசணம் பிடிக்கும். மழைக்கு முன்பே மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள், ஈரக் கையோடு எடுத்த நூலைக் காற்றாடவிட்டுப் பிறகு மூடுங்கள். கை வேர்த்தால் அடிக்கடி கழுவித் துடைப்பதே நல்லது. பவுடர் போட்டால் அடர்நிற நூலில் வெள்ளை படியும்.

டேபிள் ஃபேனுக்கு எதிரே நூல் பந்தை வைக்காதீர்கள். தளர்ந்த இழையை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அந்தப் பயண நேரத்தில் ஒரு விரிப்பு முடித்துவிடலாம் என்று தோன்றும். ரயிலில் முடியுங்கள். பஸ்ஸில் கொக்கி முனையை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போது ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பையில் போடும்போது கொக்கியை எடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும் அந்த ஒரு வளையத்தில் சேஃப்டி பின் மாட்டுங்கள்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையை உதறி, விரல்களை விரித்து மூடுங்கள். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி தொடங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள். ஸ்வெட்டரில் இரண்டு கையும் பங்கு போட்ட வேலை இங்கே வலது மணிக்கட்டில் விழுகிறது.

கைக்குழந்தைக்குச் செய்தால் உள்பக்கம் தளர்ந்த இழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைக்கும். பொம்மைக்குப் பொத்தான் கண் வேண்டாம், நூலாலேயே கண் தையுங்கள். உல்லன் தோரணத்தைப் பூஜை அறை வாசலில் விளக்கோ ஊதுபத்தியோ எட்டும் உயரத்தில் தொங்கவிடாதீர்கள். அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

அடுத்தது: கட்ட வலை

டபுள் தடுமாறாமல் வந்த பிறகு கட்ட வலைப் பின்னலுக்குப் போகலாம். காலிக் கட்டம் என்றால் ஒரு டபுள், 2 செயின். நிரப்பிய கட்டம் என்றால் அந்த 2 செயினுக்குப் பதில் இரண்டு டபுள். கட்டம் போட்ட நோட்டில் வரைந்த எதையும் இதில் கொண்டுவரலாம்.

1. 15 கட்ட அகலத்துக்கு 50 செயின்.
2. கொக்கியிலிருந்து எட்டாவது செயினில் ஒரு டபுள். முதல் கட்டம் ஆயிற்று.
3. 2 செயின், இரண்டு செயினை விட்டு மூன்றாவதில் ஒரு டபுள். முடியும்வரை இப்படியே.
4. திரும்ப 5 செயின். அதில் 3 டபுளுக்கு, 2 கட்டத்தின் மேற்பக்கத்துக்கு. அடுத்த டபுளின் தலையில் ஒரு டபுள்.
5. வரிசையின் கடைசி டபுள், போன வரிசைத் திருப்புச் செயினின் மூன்றாவதில்.

வீட்டுக் கோல நோட்டைப் புரட்டும்போது சிக்குக் கோலங்களைத் தள்ளிவிடுங்கள். வளைந்தோடும் கோடு இந்தக் கட்டங்களுக்குள் உடைந்துபோகும். நேர்ப்புள்ளி வைத்துக் கட்டங்களை நிரப்பும் தாமரை, கிளி, விளக்கு மாதிரியானவை அப்படியே உட்காரும். 15க்கு 15 கட்டத்தில் அடங்கும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு, கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள். முதல் வரிசையை வலமிருந்து இடமாகவும் இரண்டாவதை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். முடித்த வரிசையைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போங்கள்.